வத்தலக்குண்டு மழையை யார் முடிவு பண்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்றைய எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜில் இருந்து தொடங்குது. வத்தலக்குண்டு பக்கத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பியது. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அண்ணே, எல் நினோ வருது, இந்த வருஷம் மழை பொய்க்கும்னு டிவியில சொல்றாங்க. புதுசா அரை ஏக்கர் கொடிக்கால் போடலாம்னு இருந்தேன். போடவா, நிறுத்திரவா? அமெரிக்காவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கடல் சூடானா எங்க ஊர்ல எப்படிண்ணே மழை நிக்கும்?"

இதில் ரெண்டு கேள்வி இருக்கு. ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சாதான் முதல் கேள்வியைத் தொட முடியும். அதனால் இன்னைக்கு வத்தலக்குண்டில் நின்றுகொண்டே உலகத்தைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாம். மேற்கே நிமிர்ந்து பார்த்தா பழனி மலை. நம்ம கதையில் பாதி அந்த மலையிலேயே இருக்கு.

வானிலை வேற, காலநிலை வேற

இன்னைக்கு சாயங்காலம் இடி இடிச்சு அரை மணி நேரம் மழை கொட்டினா அது வானிலை. முப்பது வருஷக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஊரில் ஐப்பசியில் சராசரியா இவ்வளவு பெய்யும்" என்று சொன்னா அது காலநிலை. வானிலையைப் பார்த்துக் குடை எடுக்கிறோம். காலநிலையைப் பார்த்து என்ன பயிர் வைக்கலாம்னு முடிவு பண்றோம்.

வத்தலக்குண்டுக்காரங்களுக்கு இதைப் பாடம் எடுக்கவே வேண்டாம். கீழே வெற்றிலை, தென்னை, வாழை. கொஞ்சம் ஏறி தாண்டிக்குடி, பண்ணைக்காடு போனா காபி, மிளகு, மலைவாழை. இன்னும் மேலே பூம்பாறைக்குப் போனா பூண்டு. அரை நாள் பஸ் பயணத்துக்குள்ள மூணு உலகம்!

காரணம் உயரம்தான். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினா வெப்பம் சராசரியா ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டு கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையில் 1,800 மீட்டர் வித்தியாசம் என்று வைத்தால், கணக்குப்படி 12 டிகிரி வருது. நாம மே மாசம் கோடைக்கு ஓடுறது அந்த 12 டிகிரிக்காகத்தான். சூழலியலில் முதல் பாடமும் இதுதான்: ஒவ்வொரு செடிக்கும் உயிருக்கும் தாங்கக்கூடிய வெப்பம், ஈரம் என்று ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை நிலமும் வானமும் சேர்ந்து போடுது.

ஆடியில் காத்து, ஐப்பசியில் மழை. ஏன்?

ஜூன் மாசம் கேரளாவில் மழை பிச்சு உதறும். மூணாறில் வருஷத்துக்கு 300 செ.மீ. அளவுக்குப் பெய்யும். அங்கிருந்து பறவை பறக்கும் தூரத்தில்தான் வத்தலக்குண்டு இருக்கு. ஆனா இங்கே ஆடி மாசம் காத்துதான் அடிக்கும். தென்னை மட்டை விழும், வாழை சாயும், வானத்தில் மேகம் ஓடிக்கிட்டே இருக்கும். கீழே மட்டும் இறங்காது.

இதைப் புரிஞ்சுக்க சைக்கிள் போதும். டயரில் இருந்து காத்தைத் திறந்துவிட்டா, வெளியே வர்ற காத்து ஜில்லுன்னு இருக்கும். விரியும் காற்று குளிரும். பம்பில் வேகமா காத்து அடிச்சா பம்பு சூடாகும். அமுங்கும் காற்று சூடாகும். மலையில் நடக்கிறது இதேதான்.

அரபிக்கடலில் இருந்து ஈரத்தோட வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். காற்று விரியுது, குளிருது, தாங்க முடியாத ஈரத்தை மழையாக் கொட்டுது. மலையைத் தாண்டியதும் அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்குது. இறங்கும்போது அமுங்குது. மேகம் இல்லாத காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும். சூடான காற்று ஈரத்தைக் கீழே விடாது, நிலத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கிட்டுப் போகும். ஆடிக் காத்தில் துணி சீக்கிரம் காய்வதும், கொடிக்காலுக்கு அடிக்கடி தண்ணி கட்ட வேண்டி வருவதும் இதனால்தான். பள்ளிப் பாடத்தில் "மழை மறைவுப் பகுதி" என்று படிச்சிருப்பீங்க. அதுக்கு உதாரணம் தேடி வேற ஊருக்குப் போக வேண்டியதில்லை.

சரி, நமக்கு மழை எப்போ? அக்டோபருக்கு அப்புறம் காத்து திசை மாறுது. வங்காள விரிகுடாவில் இருந்து வடகிழக்குக் காற்று வருது. இப்போ மலையின் கிழக்குச் சரிவுதான் காத்துக்கு முகம் கொடுக்குது. கீழ்மலைப் பகுதியில் நல்ல மழை பிடிக்கும், மருதாநதியும் மஞ்சளாறும் ஓடும். தமிழ்நாட்டின் ஒரு வருஷ மழை சராசரியா 90 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி இந்த மூணு மாசத்தில் வர்றதுதான். சித்திரை, வைகாசியில் சாயங்கால இடிமழையும் ஓரளவு கைகொடுக்கும். ஆனா கிணற்றை நிரப்புறது ஐப்பசி, கார்த்திகைதான்.

இதை மனசில் வைச்சுக்குங்க. இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிவியில் "பருவமழை குறையும்" என்று சொன்னா, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பருவமழை?

தாது வருஷமும் ரெண்டு பதிலும்

இப்போ கொஞ்சம் பின்னாடி போகலாம். 1876. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. நம்ம பாட்டி தாத்தா காலம்வரைக்கும் "தாது வருஷப் பஞ்சம்" என்று பேரைச் சொன்னாலே நடுங்குவாங்க. இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் மக்கள் செத்திருப்பாங்கன்னு கணக்கிடுறாங்க. வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் அய்யர், அதான் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர், அவருக்கு அப்போ நாலஞ்சு வயசு. அந்தத் தலைமுறை அந்தப் பஞ்சத்துக்குள்ளதான் வளர்ந்தது.

மழை பொய்த்தது இயற்கை. ஆனா அத்தனை பேர் செத்ததுக்கு மழை மட்டும் காரணமில்லை. பஞ்சம் நடந்தபோதும் இங்கிருந்து தானியம் கப்பலில் ஏறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்குப் போனவங்களுக்குக் கொடுத்த கூலி, உயிர் தாங்கக்கூட போதலை. வறட்சி வானத்தில் இருந்து வரும், பஞ்சம் நிலத்தில் ஆட்கள் எடுக்கும் முடிவில் இருந்து வரும். இதைச் சொல்லாம அந்தக் கதையைத் தாண்டக் கூடாது.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு நம்ம பக்கத்திலேயே ரெண்டு பெரிய வேலை நடந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரியும்: முல்லைப் பெரியாறு. பெரியாற்றுத் தண்ணியைக் கிழக்கே திருப்பணும் என்ற யோசனை ரொம்பப் பழசு. பஞ்சத்துக்கு அப்புறம்தான் அதுக்கு வேகம் வந்தது. பென்னிகுயிக் தலைமையில் கட்டி 1895இல் திறந்தாங்க. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழையைச் சேர்த்து வைத்து, சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, இந்தப் பக்கம் வைகைக்குக் கொண்டுவந்தாங்க. யோசித்துப் பாருங்க, மலை மறைத்த மழையை மலைக்கு உள்ளே ஓட்டை போட்டு வாங்கியிருக்கோம். அந்தத் தண்ணி பேரணையில் கால்வாய்க்குத் திரும்புது. அது நிலக்கோட்டை வட்டம், வத்தலக்குண்டுக்குப் பக்கம்தான்.

ரெண்டாவது வேலை அவ்வளவா பேசப்படலை. அது கோடையில் இருக்கும் சூரிய ஆய்வகம். அந்தக் காலத்தில் ஒரு எண்ணம் இருந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையுது. மழையும் அதோட சேர்ந்து கூடிக் குறையுமோ? அப்படி இருந்தா பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிடலாமே! இந்த எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வழி செய்தது. 1899இல் தொடங்கி, 1901இல் இருந்து சூரியனைத் தொடர்ந்து பதிவு செய்ய ஆரம்பிச்சாங்க. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பேர்.

சூரியனைப் பற்றி உலகமே பயன்படுத்தும் பதிவுகள் கிடைச்சது. ஆனா பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் சூரியனில் கிடைக்கலை. விடை வேற திசையில் இருந்தது.

உலகத்தின் ஏற்றப்பலகை

1888இல் ஆஸ்திரேலியாவில் இருந்த சார்லஸ் டாட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆஸ்திரேலியாவில் வறட்சி வரும் வருஷங்களில் பெரும்பாலும் இந்தியாவிலும் வறட்சி. நடுவில் இவ்வளவு பெரிய கடல். எப்படி?

இதைக் கணக்காக மாற்றியவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர். வானிலை அவருக்குப் பழக்கமே இல்லாத துறை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரா வந்தார். கோடை ஆய்வகமும் அந்தத் துறைக்குக் கீழேதான் இருந்தது. நமக்கு இன்னொரு விதத்திலும் அவர் வேண்டப்பட்டவர். 1913இல் ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்து, இவருக்கு உதவி செய்யணும்னு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதியவர் இவர்தான்.

வாக்கர் சூரியனை மட்டும் நம்பி உட்காரலை. உலகம் முழுக்க இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை என்று கிடைத்த எண்களையெல்லாம் சேர்த்து, எதோட எது சேர்ந்து போகுதுன்னு கையாலேயே கணக்குப் போட வைத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பள்ளிக்கூட மைதானத்தில் பசங்க விளையாடும் ஏற்றப்பலகை தெரியுமா? ஒரு பக்கம் ஏறினா மறுபக்கம் இறங்கும். பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவில் காற்றழுத்தம் அப்படித்தான் ஆடுதுன்னு அவர் கண்டார். 1924இல் அதுக்குத் 'தெற்கத்திய அலைவு' என்ற பொருளில் பேர் வைத்தார். ஏன் ஆடுதுன்னு அவருக்குச் சொல்ல முடியலை. அதுக்கு இன்னும் 45 வருஷம் ஆச்சு. 1969இல் யாக்கோப் பியர்க்னஸ், அந்த அழுத்த ஆட்டமும் பெரு நாட்டுக் கடற்கரையில் மீனவர்கள் சொல்லிக்கொண்டிருந்த எல் நினோவும் ஒரே விஷயத்தின் ரெண்டு முகம் என்று விளக்கினார்.

விஷயம் இதுதான். சாதாரண வருஷத்தில் பசிபிக்கில் காற்று கிழக்கில் இருந்து மேற்கே அடிக்கும். கடலின் மேல்பக்க சூட்டுத் தண்ணியை இந்தோனேசியா பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். அங்கே கடல் சூடு, அதனால் காற்று மேலே ஏறுது, மேகம், மழை. பெரு பக்கம் ஆழத்தில் இருந்து குளிர்ந்த தண்ணி மேலே வருது. அதில் சத்து அதிகம், அதனால் மீனும் அதிகம்.

சில வருஷம் இந்தக் காத்து சோர்ந்து போயிடும். குவிஞ்சு கிடந்த சூட்டுத் தண்ணி கிழக்கே திரும்பி வழியும். மேகக் கூட்டமும் அதோட நகரும். பெருவில் மீன் குறையும். கிறிஸ்துமஸை ஒட்டி வந்ததால் மீனவர்கள் அதை 'குழந்தை இயேசு' என்ற பொருளில் எல் நினோ என்றாங்க. இந்தப் பக்கம் ஏறவேண்டிய காற்று வேற இடத்தில் ஏறுது. அதனால் நமக்கு மேலே காற்று இறங்குது. இறங்கும் காற்று என்ன பண்ணும்? ஆடி மாசத்து மலைச்சரிவை நினைச்சுக்குங்க. சூடாகும், மேகத்தைக் கட்டவிடாது. பழனி மலைச்சரிவில் நடப்பதை, உலக அளவில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு விரிச்சுப் பார்த்தா அதுதான் எல் நினோ வறட்சி. 1877இல் வந்தது மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று. அதே சமயத்தில் சீனாவிலும் பிரேசிலிலும் பஞ்சம்.

ஆனா வத்தலக்குண்டில் கதை வேற

இங்கேதான் நம்ம நண்பரின் பயத்தைக் கொஞ்சம் அவிழ்க்கணும். எல் நினோ இழுத்துப் பிடிக்கிறது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. வடகிழக்குப் பருவமழைக்கு அது பல வருஷங்களில் நேர் எதிராக வேலை செய்யுது. அக்டோபருக்கு அப்புறம், எல் நினோ இருக்கும்போது வங்கக்கடலில் இருந்து வரும் ஈரக் காற்று தென்னிந்தியா மேல் நல்லா குவிய வாய்ப்பு கூடுது.

கணக்கைப் பாருங்க. 2015இல் பலமான எல் நினோ. நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. ஆனா தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட சுமார் 50 சதவீதம் கூடுதல். சென்னை வெள்ளம் அந்த வருஷம்தான். அடுத்த வருஷம், 2016. எல் நினோ போயிடுச்சு, எதிர்ப்பக்கமான லா நினா எட்டிப் பார்த்தது. "அப்பாடா" என்று இருந்தோம். வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான பதிவுகளில் மிக மோசமானதில் ஒன்று. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. தென்னை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தைச் சொல்வாங்க. ஒரு தென்னை செத்தா, திரும்ப அந்த அளவுக்கு வர எத்தனை வருஷம்!

உடனே "அப்போ எல் நினோ வந்தா நமக்கு நல்லது" என்று எழுதி வைச்சுக்காதீங்க. 2021இல் லா நினாதான் இருந்தது, ஆனா தமிழ்நாட்டில் மழை இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். நம்ம பக்கத்திலேயே இன்னொரு ஏற்றப்பலகை இருக்கு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறி சூடாகும் ஆட்டம். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று சொல்றாங்க. 1999இல் தான் ஜப்பானில் வேலை பார்த்த சாஜியும் யமகாட்டாவும் அவங்க குழுவும் இதை விளக்கினாங்க. ஆப்பிரிக்கா பக்கம் கடல் அதிகமா சூடாகி இருந்தா பெரும்பாலும் நமக்கு நல்லது. 1997, 2023 மாதிரி வருஷங்களில் எல் நினோவோட இதுவும் சேர்ந்து வந்தது. 2016இல் இது நமக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இதுக்கு மேலே புயல் எங்கே உருவாகுது, எங்கே கரை ஏறுது என்பதெல்லாம் இருக்கு. கடல்கள் வாய்ப்பைத்தான் கூட்டிக் குறைக்கும். உறுதிமொழி கொடுக்காது.

மலை ஒரு தொட்டி

பசிபிக்கை நம்மால் ஒன்னும் பண்ண முடியாது. நம்ம கையில் இருக்கிற ஒரு விஷயத்துக்கு வர்றேன். பெய்த மழையை யார் வைச்சிருந்து கொடுக்கிறாங்க?

வத்தலக்குண்டில் இருந்து கோடைக்குப் பஸ்ஸில் ஏறினவங்க எல்லாரும் டம்டம் பாறை பக்கம் எட்டிப் பார்த்திருப்பீங்க. எதிர் மலையில் வெள்ளை நூல் மாதிரி விழுமே, தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வாங்க. உயரம் 297 மீட்டர். அந்தத் தண்ணிதான் மஞ்சளாறு. மேலே மழை நின்று பல நாள் ஆன பிறகும் அது விழுந்துக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணி எங்கே இருந்தது?

மேல்மலையின் பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. இந்த ஜோடிதான் தொட்டி. சோலை மரங்கள் குட்டையா, நெருக்கமா, பாசி படர்ந்து இருக்கும். கீழே இலைமட்கு மெத்தை. பனிமூட்டத்தைக் கூட இலையில் பிடிச்சு சொட்டுச் சொட்டா மண்ணுக்கு விடும். புல்வெளி தன் பங்குக்கு மழையை ஓடவிடாம மண்ணுக்குள்ள இறக்கும், தானும் ரொம்பக் குடிக்காது. ஐப்பசியில் வாங்கினதை மாசி, பங்குனி வரை கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கும்.

புல்வெளியை "வெறும் நிலம்" என்று நினைச்சதுதான் வினை. வெள்ளைக்காரர் காலத்திலும் அதைவிட வேகமா சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே தைல மரம், பைன், தோல் பதனிடப் பட்டை கொடுக்கும் வாட்டில் மரம் என்று நட்டாங்க. செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வில், 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருப்பது தெரிந்தது. மரம் நட்டா நல்லதுதானே என்று கேட்பீங்க. எந்த இடத்தில் எந்த மரம் என்பதில்தான் இருக்கு. நீலகிரியில் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒன்றில் தைல மரம் நட்டு, இன்னொன்றைப் புல்வெளியாகவே விட்டுப் பல வருஷம் அளந்தாங்க. முதல் சுற்றிலேயே தைல மரப் பக்கம் ஓடைத் தண்ணி சராசரியா 16 சதவீதம் குறைந்தது. புல் குடிக்காத தண்ணியை மரம் குடிச்சிடுச்சு.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை எடுத்துப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகளும் நடக்குது. அதுவும் லேசான வேலை இல்லை. வாட்டிலை வெட்டினா விதை திரும்பத் திரும்ப முளைக்கும். சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகளும் வருது, அங்கே மொத்தமா வெட்டுறதும் தப்பாகிடும். இடத்துக்கு இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

இது ஏன் இன்னும் அவசரம்? காற்று ஒரு டிகிரி சூடானா, சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. அதனால் மழை வந்தா மொத்தமா கொட்டுது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. சராசரி வருஷத்தில் தமிழ்நாட்டுக்கே அவ்வளவுதான். வருஷ மொத்தம் மாறாமல் இருந்தாலும், அது நாலு நாளில் வந்தா பிடித்து வைக்க ஆள் வேணும். மலைமேல் புல்வெளி, கீழே கண்மாய், குளம். ரெண்டும் இல்லைன்னா வெள்ளமும் வறட்சியும் ஒரே வருஷத்தில் வரும்.

அப்போ கொடிக்கால் போடலாமா?

அண்ணே, நேரடியா சொல்றேன். போடுங்க, போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க கிணறும் உங்க மண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா முடிவு எடுக்கும்போது இந்த நாலு விஷயத்தைப் பாருங்க.

ஒன்று, சித்திரை, வைகாசியில் வரும் எல் நினோ செய்தியை அவ்வளவு கெட்டியா எடுத்துக்காதீங்க. அந்தச் சமயத்தில் பசிபிக் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்றது வல்லுநர்களுக்கே கஷ்டம். ஆவணிக்கு அப்புறம் படம் தெளிவாகும். செப்டம்பர் கடைசி வாக்கில் இந்திய வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழைக்கென்று தனியா கணிப்பு வெளியிடும். உங்களுக்கான செய்தி அதுதான்.

ரெண்டு, எல் நினோ உண்மையா வந்தா, உங்களுக்கு நெருக்கடி ஆடி, ஆவணியில் வரலாம். ஐப்பசியைத் தாண்டுற வரைக்கும் உங்க கிணத்துத் தண்ணி அந்த அரை ஏக்கருக்குத் தாங்குமா? வெற்றிலைக்குத் தண்ணி தள்ளிப்போட முடியாது. முடிவு இந்தக் கேள்வியில்தான் இருக்கு.

மூணு, பெரும்பாலானவங்க மறக்கிற விஷயம். எல் நினோ வருஷத்து ஐப்பசியில் மழை அதிகமாகவும் வரலாம். வெற்றிலைக்குத் தண்ணி தேங்கினா வாடல் நோய் வந்து கொடிக்காலே போயிடும். வறட்சிக்குப் பயந்து ஆழ்துளைக் கிணற்றுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, வடிகால் வாய்க்கால் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அதுக்கு மண்வெட்டி போதும். தோட்டக்கலைத் துறை அலுவலர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நாலு, ஒரு மழைமானி வாங்கி வைங்க. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தா 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 மி.மீ. பெய்தா 40,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூணு லோடுக்கு மேல். உங்க வயலில் எவ்வளவு விழுந்தது, அதுக்கப்புறம் கிணறு எவ்வளவு ஏறுச்சு என்று ஒரு நோட்டில் எழுதிட்டு வந்தா, அஞ்சு வருஷத்தில் உங்க நிலத்தோட காலநிலை உங்க கையில் இருக்கும். வாக்கர் உலகத்துக்கு எண்களைச் சேர்த்தார். நமக்கு நம்ம அரை ஏக்கருக்குச் சேர்த்தா போதும்.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடில் கண்மாய்களைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன்: மடை, மதகு, கலிங்கு, இதையெல்லாம் யார் பராமரிச்சாங்க, எப்போ விட்டுட்டாங்க என்று. உங்க ஊர்க் கண்மாயில் கடைசியா எந்த வருஷம் கலிங்கு தாண்டித் தண்ணி போச்சுன்னு தெரிஞ்சா வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்க. வருஷத்தோட சொல்லுங்க, அதான் முக்கியம்.